சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்: எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்?

தூரம் கணக்கிடும் இணையதளங்களில் இரண்டு விமான நிலையங்களின் பெயரைத் தட்டினால் போதும், தூரம் இத்தனை கிலோமீட்டர், பறக்கும் நேரம் இத்தனை மணி என்று சட்டென்று காட்டிவிடுகிறார்கள். தூரத்தை நம்பலாம். ஆனால் அந்த நேரத்தை மட்டும் நம்பி அடுத்த விமானத்துக்கு டிக்கெட் போட்டுவிடாதீர்கள், பெரும்பாலும் அது தூரத்தை ஒரு சராசரி வேகத்தால் வகுத்துக் கிடைத்த எண்தான்.

உலகத்தின் மிக நீளமான இடைநில்லாத் தடங்களில் ஒன்றான சிங்கப்பூர்–நியூயார்க்கையே எடுத்துக்கொள்வோம். இதன் தூரத்தை நீங்களே ஒரு காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். தீர்க்கரேகைப்படி சிங்கப்பூர் கிழக்கே 104 டிகிரி, நியூயார்க் மேற்கே 74 டிகிரி, கூட்டினால் 178, அதாவது உருண்டையின் கிட்டத்தட்ட எதிர்ப்பக்கம். ஆகவே குறுக்குவழி வட துருவத்தை ஒட்டித்தான் போக வேண்டும். அட்சரேகைப்படி சிங்கப்பூரிலிருந்து துருவத்துக்கு 88.6 டிகிரி, அங்கிருந்து நியூயார்க்குக்கு 49.4, மொத்தம் 138. டிகிரிக்கு 111 கிலோமீட்டர் என்று பெருக்குங்கள், 15,300 சொச்சம் வரும். தட்டையான வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் இது புரியவே புரியாது, உலக உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்தால் அது தானாகவே வடக்கே ஏறிவிடும்.

சரி, மணிக்கு 900 கிலோமீட்டர் என்று வகுத்தால் 17 மணி நேரம். ஆனால் அட்டவணையில் பதினெட்டரை மணிக்கு மேல் இருக்கும். டிக்கெட்டில் இருப்பது விமானம் நின்ற இடத்திலிருந்து நகர்வதில் தொடங்கி, அங்கே போய் நிற்கும் வரையான நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது எல்லாம் அதில் அடக்கம். அப்புறம், நியூயார்க் போகும்போது விமானம் பெரும்பாலும் துருவப் பக்கமே போவதில்லை, பசிபிக்கைத் தாண்டிக் கிழக்கே சுற்றிப் போகும். காரணம் ஜெட் ஸ்ட்ரீம். சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கும் அந்தக் காற்று முதுகில் தள்ளினால், கூடுதல் தூரம் பறந்தாலும் லாபம்தான்.

காற்றுக்கு அவ்வளவு வலுவா என்றால், ஆமாம். நியூயார்க்கிலிருந்து லண்டன் சுமார் 5,500 கிலோமீட்டர், சாதாரணமாக ஏழு மணி நேரம் ஆகும். 2020 பிப்ரவரியில் ஒரு புயலின்போது பிரிட்டிஷ் ஏர்வேஸின் 747 ஒன்று 4 மணி 56 நிமிடத்தில் போய் இறங்கியது! திரும்பி வரும் பயணிகளுக்கு அதே காற்று எதிர்க்காற்று.

வான்வெளித் தடையும் கணக்கையே மாற்றிவிடும். 2022க்கு முன் ஹெல்சிங்கி–டோக்கியோ ஒன்பதரை மணி நேரம்தான். ரஷ்ய வான்வெளி மூடப்பட்டதும் சுமார் 13 மணி நேரமாகிவிட்டது, அதே இரண்டு ஊர்கள், அதே தூரம்.

இன்னொன்று, டிக்கெட்டில் போட்டிருப்பது அந்தந்த ஊர் நேரம். கோடையில் சிங்கப்பூர் நியூயார்க்கைவிட 12 மணி நேரம் முன்னால் இருக்கிறது. நள்ளிரவு 12க்குக் கிளம்பி அதே தேதியில் காலை 6.30க்கு இறங்கினால் ஆறரை மணி நேரப் பயணம் மாதிரி தெரியும், உண்மையில் பதினெட்டரை. இரண்டையும் ஒரே ஊர் நேரத்துக்கு மாற்றிவிட்டுக் கழியுங்கள். இணைப்பு விமானம் இருந்தால், அதே எண்ணுள்ள விமானம் கடந்த சில நாட்களில் எத்தனை மணிக்கு இறங்கியது என்றும் ஒருமுறை பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.