ஏரிக்கடியில் ஒரு குடிசைத் தரை

இஸ்ரேலில் கலிலேயாக் கடல் என்று அழைக்கப்படும் நன்னீர் ஏரியில், வறட்சியால் 1989-இல் நீர்மட்டம் வெகுவாகத் தாழ்ந்தபோது, தென்மேற்குக் கரையில் ஏறத்தாழ 23,000 ஆண்டுகள் பழமையான ஒரு குடியிருப்பு வெளிப்பட்டது. ஓஹலோ 2 எனப்படும் அந்த இடத்து மண் மாதிரிகளைப் பிரித்துப் பார்க்கும் ஆய்வகத்தில் நான் பணியாற்றினேன். என் வேலையைப் பற்றிக் கேட்பவர்கள் அடுத்துக் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: அங்கே எலும்புக்கூடு கிடைத்ததாமே?

கிடைத்தது உண்மைதான். குடிசைகளுக்கு அருகே ஆழமில்லாத குழியொன்றில், நாற்பது வயதை நெருங்கிய ஆண் ஒருவர், மல்லாந்த நிலையில் கால்கள் மடக்கப்பட்டு, கைகள் மார்பின்மேல் வைக்கப்பட்டு, தலைக்கடியில் கற்கள் இடப்பட்டு அடக்கம் செய்யப்பட்டிருந்தார். அவருக்காகத் துக்கப்பட்டவர்கள் இருந்தார்கள் என்பதற்கு அந்தக் கற்களே எனக்குப் போதும். ஆனால் அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை எலும்பைவிடத் தரைதான் விரிவாகச் சொல்கிறது.

குடிசைகள் தீக்கிரையானபின் ஏரி உயர்ந்து மெல்லிய வண்டலால் மூடிவிட்டதாலும், உயிர்வளி குறைந்த ஈரத்தில் கிருமிகளின் வேலை நடக்காததாலும், கருகிய விதைகள் உருக்குலையாமல் தங்கின. நீர் விலகினால்தான் அகழ முடியும். விலகிய இடத்தையோ அலையும் வெயிலும் சிதைக்கத் தொடங்கிவிடும். அகழாய்வாளர்களுக்கு வாய்ப்பாக அமைந்த 1989, 1999 ஆகிய ஆண்டுகள், அந்நாட்டின் நீர்வளத்துக்குக் கெட்ட ஆண்டுகள் என்பது எனக்கு எப்போதுமே உறுத்தலாக இருந்தது.

நீரில் சலித்து நிழலில் உலர்த்திய மண்ணை நுண்ணோக்கியின் கீழ்ப் பரப்பி, விதைகளைப் பொறுக்கி எடுப்பதுதான் அன்றாட வேலை. கருகிய மணியை இடுக்கியால் பிடித்தால் நொறுங்கிவிடும் என்பதால், ஈரம் தொட்ட மென்தூரிகையின் நுனியால் ஒட்டி எடுக்க வேண்டும். நூற்றுக்கும் மேற்பட்ட தாவர வகைகள் அங்கிருந்து அடையாளம் காணப்பட்டுள்ளன. ஒரு குடிசையில் அரைக்கும் கல்லைச் சுற்றித் தானியங்கள் செறிந்தும், வாயில் பக்கம் சிக்கிமுக்கிக் கல்லின் சில்லுகள் சிதறியும் கிடந்தன. இன்னார் இங்கே உட்கார்ந்து இன்ன வேலை செய்தார் என்று கை நீட்டிக் காட்டும் அளவுக்கு அந்தத் தரை தெளிவானது.

என்னை அதிகம் கட்டிப்போட்டவை வாற்கோதுமைக் கதிரின் துணுக்குகளே. காட்டு வாற்கோதுமை முற்றியதும் தானே உதிர்ந்துவிடும். பிரிந்த இடத்தில் வழுவழுப்பான தழும்பு இருக்கும். பயிர் வகை அடித்துப் பிரித்தால்தான் உதிரும். அங்கே கிழிந்தாற்போன்ற சொரசொரப்பு இருக்கும். ஓஹலோ துணுக்குகளில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் இந்த இரண்டாம் வகை. உழுநிலங்களில் முளைக்கும் களைகளின் விதைகளும், தாள் அறுத்த மினுமினுப்பு ஏறிய கல் அலகுகளும் அவற்றோடு கிடைத்ததால், 2015-இல் வெளியான ஆய்வு அதைச் சிறு அளவிலான பயிரிடும் முயற்சி என்று வாதிட்டது. முற்றாத கதிரை அறுத்தாலும் சொரசொரப்பு வரக்கூடும் என்ற மறுப்பு நியாயமானதே. ஆயினும் களைகளையும் சேர்த்துப் பார்க்கும்போது, முயற்சி என்ற வாதத்தின் பக்கமே நான் சாய்கிறேன். அதைத் தொடர்ச்சியான வேளாண்மை என்று மட்டும் சொல்ல மாட்டேன். ஏனெனில் அப்பகுதியில் வேளாண்மை நிலைபெற, அதன்பிறகு மேலும் 11,000 ஆண்டுகள் ஆயின.