மூன்றாவது பாத்தேக் துணி: கோடு ஒருவழியாக நின்றது

பாத்தேக் என்றால் உருகிய மெழுகால் துணியில் கோடு போட்டு, சாயம் அதைத் தாண்டாதபடி நிறம் ஏற்றும் வேலை. நான் செய்த முதல் இரண்டு துணியும் இப்போது சமையலறையில் கரித்துணி. சொல்ல வெட்கம்தான், ஆனால் தப்பு எங்கே என்று பிடிபட்டது அதில்தான்.

பினாங்கு ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடி வீடு. மெழுகை நேரடியாக அடுப்பில் வைத்தால் பற்றிக்கொள்ளும் என்று அம்மா விடவில்லை, அதனால் வெந்நீர்ச் சட்டிக்குள் குவளையை இறக்கி உருக்கினேன். சாந்திங்கில், அதாவது மூக்கு வைத்த சின்ன மெழுகுக் கரண்டியில், அள்ளிக் கோடு போட்டேன், அழகாகவே வந்தது. சாயம் வைத்ததும் கோட்டைத் தாண்டி ஓடி பூ நீலம், இலை நீலம், எல்லாமே நீலம். துணியைத் திருப்பினால் பின்பக்கம் கோடே இல்லை! கொதிநீர் 100 டிகிரியைத் தாண்டாது, குவளை மெழுகு அதற்கும் கீழே, சாந்திங்கின் மூக்கு வழியாக இறங்குவதற்குள் இன்னும் ஆறி, நூலுக்குள் போகாமல் பாலாடை மாதிரி மேலேயே படிந்துவிடுகிறது.

இந்த முறை மின்சார அடுப்பும் சமையல் வெப்பமானியும். 115 முதல் 120 டிகிரி வரை வைத்தேன். புகை கிளம்பினால் அணைத்துவிட வேண்டும், தீப்பிடித்தால் மூடி போட வேண்டுமே தவிர தண்ணீர் ஊற்றவே கூடாது. சூடு சரியாக இருந்தால் கோடு எண்ணெய் பட்ட காகிதம் மாதிரி ஒளி ஊடுருவத் தெரிகிறது, வெள்ளையாக நின்றால் ஆறிவிட்டது.

மெழுகு, பாரஃபின் பாதி தேன்மெழுகு பாதி. தேன்மெழுகு வளையும், பாரஃபின் நொறுங்கும். பின்னணிக்கு மட்டும் வெறும் பாரஃபின் பூசிக் கசக்கினேன், சாயம் வெடிப்புகளில் இறங்கி நரம்பு நரம்பாக வந்தது. சட்டைத்துணி வேலை என்று இருந்த இதே மெழுகையும் சாயத்தையும் வைத்து 1950களில் நம் பினாங்கில் சுவா தியன் தெங் ஓவியமே தீட்டினார். எனக்கு ஒரு செம்பருத்திக்கே மூச்சு வாங்குகிறது.

ரீஆக்டிவ் சாயம் (நூலோடு பிணையும் வகை) காய்ந்தபின், அது கழுவினாலும் போகாமல் நிற்க சோடியம் சிலிக்கேட்டைத் தடவி ராத்திரி முழுக்க விட்டு, அலசி, அப்புறம் வெந்நீரில் கொதிக்கவைத்து மெழுகை எடுத்தேன். அந்தத் தண்ணீரைச் சட்டியிலேயே ஆறவிட்டால் மெழுகு மேலே தகடாக உறையும், எடுத்து மறுபடி உருக்கலாம். முதல் தடவை ஸிங்க்கில் ஊற்றிய புத்திசாலித்தனத்துக்கு, குழாய் அடைத்து 80 வெள்ளி போனது.

கோடு நின்றுவிட்டது, சொட்டுதான் நிற்கவில்லை. சாந்திங்கைத் துணிக்குக் கொண்டுபோகும் வழியில் ஐந்து இடத்தில் சொட்டியிருக்கிறது. ஒன்றை வண்டாக்கிவிட்டேன், மீதி நான்கை என்ன செய்வது?