வேனில் வெந்நீர்

பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, கும்பகோணத்தில் நண்பனின் பட்டறையில் நிறுத்தி, படுக்கை, அடுப்பு, குளியல் தடுப்பு என்று ஒவ்வொன்றாகப் பொருத்திவருகிறேன். கார்த்திகை மாதம் முழுவதும் வெந்நீருக்கே போய்விட்டது. அம்மாவுக்கு மூட்டுவலி. வெந்நீர் இல்லாவிட்டால் வண்டியில் ஏறப்போவதில்லை என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்.

தொட்டி வைத்த கீசர் முதலிலேயே கழிந்தது. பதினைந்து லிட்டர் வெந்நீரைச் சுமந்துகொண்டு அலைய இடமில்லை, அதைச் சூடாகவே வைத்திருக்க மின்சாரமும் இல்லை. ஆக, தண்ணீர் ஓடும்போதே சுடவைக்கும் கீசர்தான். மின்சாரமா, கேஸா என்பதுதான் கேள்வி.

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 4.2 கிலோஜூல் வேண்டும். இதை வைத்துக் கணக்குப் போட்டால், கடையில் கிடைக்கும் 3 கிலோவாட் மின் கீசர் நிமிடத்துக்கு 3 லிட்டர் தண்ணீரைப் பதினான்கு டிகிரி ஏற்றும். நம் ஊருக்கு அது போதும். ஆனால் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 3 கிலோவாட் இழுத்தால் 250 ஆம்பியர் ஓட வேண்டும். இன்வெர்ட்டர் விழுங்குவது தனி. என்னிடம் இருப்பது 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்றே ஒன்று. அதற்குள் இருப்பது ஒன்றேகால் யூனிட். 5 கிலோ சமையல் எரிவாயு சிலிண்டருக்குள் அறுபது யூனிட்டுக்கும் மேல் வெப்பம் அடங்கியிருக்கிறது. விவாதம் அதோடு முடிந்தது.

இனி எந்த கேஸ் கீசர் என்பது. வெளிநாட்டு வண்டிக்காரர்கள் எழுதியதைப் படித்துப் படித்து, அதிகபட்சம் எவ்வளவு சூடேற்றும் என்றே எல்லாக் கடைகளிலும் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர்கள் ஊரில் குழாய்த் தண்ணீர் ஐந்து டிகிரியில் வரும். என் வண்டியின் 100 லிட்டர் தொட்டியில் மார்கழி விடியற்காலையில் வெப்பமானியை விட்டுப் பார்த்தேன்: 23 டிகிரி. சித்திரையில் அதே தொட்டி 33-ஐத் தொடும். குளிக்க 40 போதும். அப்படியென்றால் நான் கேட்டிருக்க வேண்டியது குறைந்தபட்சம் எவ்வளவு என்பதை!

இது புத்தியில் உறைத்தது நண்பன் வீட்டில் கழற்றி வைத்திருந்த பழைய கீசரை இரவல் வாங்கி மாட்டிய பிறகுதான். 6 லிட்டர் ரகம். முழுதாக எரிந்தால் சுமார் பத்தரை கிலோவாட். நிமிடத்துக்கு மூன்றரை லிட்டர் விட்டதும் குழாயிலிருந்து ஆவி பறந்தது. வெப்பமானி 65-ஐத் தாண்டியது. விரலை நீட்டியவன் நான்தான், வேறு யாரைக் குறை சொல்ல? கடைசியில் வாங்கியது அதே அளவுதான், ஆனால் கோடை–குளிர் என்று திருகும் குமிழ் உள்ளது. கோடைப் பக்கம் திருப்பினால் பர்னரில் பாதி மட்டும் எரியும். அதே தண்ணீர் இப்போது 47-இல் வந்தது.

கீசரை எங்கே மாட்டுவது என்பதில் எனக்கு இரண்டாம் யோசனையே இல்லை. மூடிய குளியலறையில் கேஸ் கீசர் எரிந்து, கார்பன் மோனாக்சைடு சேர்ந்து ஆள் மயங்கி விழுந்த செய்திகளை எத்தனை முறை படித்திருக்கிறோம்! அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதனால் பின்கதவின் வெளிப்பக்கத்தில் காற்றுத் துளைகள் கொண்ட தகரப் பெட்டி அடித்து அதற்குள் கீசர். தண்ணீர்க் குழாய் மட்டும் உள்ளே வரும். சிலிண்டர் பெட்டிக்கு அடித்தட்டிலும் துளை விட்டிருக்கிறேன். எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழேதான் தேங்கும். வண்டி ஓடும்போது சிலிண்டர் வால்வு மூடியே இருக்கும்.

தை பிறந்ததும் பூவாளிக் குழாய், அதாவது ஷவர், வைத்துப் பார்த்தேன். படாத பாடு. 47 டிகிரி உடம்புக்குச் சுடும் என்று குளிர்நீரைக் கலந்தால், கீசர் வழியாகப் போகும் தண்ணீர் குறையும். குறைந்த தண்ணீர் இன்னும் சுடும். மேலும் குறைத்தால், கீசருக்குள் இருக்கும் ரப்பர்த் தகட்டுக்கு அழுத்தம் போதாமல் கேஸ் வால்வு மூடிக்கொள்ளும். இதற்கிடையே 12 வோல்ட் பம்ப், குழாயைச் சற்றுக் குறுக்கினாலே அழுத்தம் ஏறி நின்று நின்று ஓடுகிறது. டப் என்று பற்றும், அணையும், மறுபடி டப். முதுகில் வெந்நீர், பிறகு பச்சைத்தண்ணீர், பிறகு வெந்நீர். பம்புக்கு அடுத்து ஒரு சிறிய அழுத்தத் தொட்டி போட்டால் சரியாகும் என்று விலை விசாரிக்கக் கிளம்பினேன்.

பட்டறை வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "ஏம்ப்பா, வீட்டில் யார் பூவாளியில் குளிக்கிறார்கள்? ஒரு வாளியில் பிடித்து விளாவிக்கொண்டால் ஆகாதா?" என்றார்.

வாளியில் பிடிக்கும்போது குழாயைக் குறுக்கவே வேண்டாம். பம்ப் சீராக ஓடுகிறது, கீசர் ஒரே மூச்சில் எரிகிறது. மூன்று நிமிடத்துக்குள் பத்து லிட்டர் வெந்நீர். அதில் ஐந்து லிட்டர் தொட்டித் தண்ணீரை விளாவினால் 39, 40-க்கு வந்துவிடுகிறது. கணக்குப்படி ஒரு வாளிக்குச் செலவாகும் கேஸ் முப்பது கிராமுக்குள்தான். 100 லிட்டர் தொட்டியில் நாங்கள் மூவரும் குளித்த பிறகும் பாத்திரம் கழுவத் தண்ணீர் மிச்சம்.

முதல் வெள்ளோட்டம் மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாகக் கோடியக்கரை. கடலோரத்து நிலத்தடி நீர் உப்பு. கீசரின் செப்புச் சுருளில் படியும். அதனால் திருத்துறைப்பூண்டிக்கு முன்பே தொட்டியை நிரப்பிக்கொண்டோம். வைகாசியில் கொடைக்கானல் போகும் எண்ணம். அங்கே குமிழைக் குளிர்ப் பக்கம் திருப்ப வேண்டியிருக்கும். பூவாளிக் குழாயைக் கழற்றவில்லை. அம்மா அதில் துண்டு காயப்போடுகிறார்.