மேக் ஆவணத்தைத் திருத்தும் நாட்கள்: கோவையிலிருந்து ஒரு நாட்குறிப்பு

ஜூலை 7, 2025, திங்கள்

எங்கள் கம்பெனியின் பில்டு ஆவணத்தை, அதாவது எழுதிய நிரலைப் போர்டில் ஓடும் மென்பொருளாக மாற்றும் வழிமுறைக் குறிப்பை, திருத்தும் வேலை இன்று என் கைக்கு வந்தது. நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

நாங்கள் நூற்பாலைகளுக்குக் கன்ட்ரோலர் போர்டு செய்கிறவர்கள். கணபதியில் ஒரு மாடிக் கட்டடம். கீழே சால்டரிங், மேலே மென்பொருள். நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் மெஷினின் ஓரத்தில் மாட்டியிருக்கும் எங்கள் பெட்டி, நூல் சுற்றும் ஸ்பிண்டில்களின் வேகம், நூல் அறுப்பு, ஒரு ஷிப்டுக்கு எத்தனை ஹேங்க் (நூல் நீள அளவு) ஓடியது என்பதையெல்லாம் காட்டும். அதற்குள் ஓடும் ஃபர்ம்வேரை ஜிஎன்யு மேக் என்ற கருவியை வைத்துத்தான் பில்டு செய்கிறோம். ஒவ்வொரு மில்லுக்கும் ஸ்பிண்டில் எண்ணிக்கை வேறு, கியர் கணக்கு வேறு. அதனால் சர்வீஸ் ஆட்கள் மில்லிலேயே உட்கார்ந்து எண்ணை மாற்றி பில்டு செய்ய வேண்டியிருக்கிறது.

இப்போதிருக்கும் ஆவணம் ஒரு பிடிஎஃப். மேக் என்றால் என்ன என்று தொடங்கி, வேரியபிள், டார்கெட், ஃபங்ஷன் என்று வரிசையாகப் போகிறது. எழுதியவர் மேக்கை நன்றாக அறிந்தவர். ஆனால் அதைத் திறக்கிறவர் கையில் ஓர் எரர் மெசேஜோடு வருகிறார். அந்த மெசேஜ் ஆவணத்தில் எங்கேயும் இல்லை.

இன்று முழுவதும் படித்து, 'எப்போதும்', 'கட்டாயம்', 'தொடக்கூடாது' என்று வருகிற வாக்கியங்களை மட்டும் தனியாக எழுதி எடுத்தேன். ஒன்றுக்கும் காரணம் எழுதப்படவில்லை. முதலில் அந்தக் காரணங்களைத் தேடப்போகிறேன். புதிய ஆவணம் அதற்குப் பிறகுதான்.

ஜூலை 10, வியாழன்

பட்டியலில் முதல் வாக்கியம்: "எந்த மாற்றம் செய்தாலும் கட்டாயம் முதலில் மேக் கிளீன் கொடுக்கவும்."

ஏற்கெனவே பில்டு செய்ததையெல்லாம் அழிக்கும் கட்டளை அது. இந்த 'கட்டாயம்' என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. மாறியதை மட்டும் மறுபடி கம்பைல் செய்வதற்காக, அதாவது இயந்திர மொழிக்கு மாற்றுவதற்காகத்தானே மேக் இருக்கிறது? ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் தொடங்குவதென்றால் மேக்கே வேண்டாம், ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் போதும்.

மேக் பிறந்த கதையே இதுதான். 1976-ல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மனின் அறைக்குள் அவருடைய சகா ஸ்டீவ் ஜான்சன் புலம்பிக்கொண்டே வந்தார். ஏற்கெனவே சரிசெய்த பிழையைத் தேடி ஒரு காலைப்பொழுது முழுவதும் வீணாகியிருந்தது. திருத்திய ஃபைலைக் கம்பைல் செய்யாமல் விட்டதால் முன்பு கம்பைல் ஆகிக் கிடந்த பழைய ஆப்ஜெக்ட் ஃபைலே மறுபடி மறுபடி இணைந்துகொண்டிருந்தது. அந்தத் தொல்லையை ஒழிக்க ஃபெல்ட்மன் எழுதியதுதான் மேக். அதற்காக 2003-ஆம் ஆண்டுக்கான ஏசிஎம் மென்பொருள் விருதும் அவருக்குக் கிடைத்தது.

எதிலிருந்து எதை உருவாக்க வேண்டும் என்று மேக்குக்குச் சொல்லும் எங்கள் மேக்ஃபைலைத் திறந்து பார்த்ததும் விஷயம் புரிந்தது. ஒவ்வொரு ஆப்ஜெக்ட் ஃபைலும் அதற்குரிய சி ஃபைலை மட்டுமே நம்பியிருப்பதாக எழுதியிருக்கிறது. பல சி ஃபைல்கள் பகிர்ந்துகொள்ளும் ஹெடர் ஃபைல்களைப் பற்றிப் பேச்சே இல்லை. ஹெடரை மாற்றினால் மேக்குக்குத் தெரியவே தெரியாது.

மேஜையில் ஒரு போர்டை வைத்துச் செய்து பார்த்தேன். ஹெடரில் ஷிப்டுக் கணக்கை வைத்திருக்கும் ஸ்ட்ரக்சரின் (எண்களை வரிசையாக அடுக்கிய தொகுப்பின்) நடுவில், ஹேங்குக்கு முன்னால், நான்கு பைட்டில் ஒரு புதிய எண்ணைச் சேர்த்து, கணக்குப் போடும் சி ஃபைலிலும் ஒரு வரி மாற்றினேன். கிளீன் கொடுக்காமல் மேக் கொடுத்தேன். கணக்குப் போடும் ஃபைல் புதிதாகக் கம்பைல் ஆனது. திரையில் காட்டும் ஃபைல் பழையபடியே நின்றது. ஆப்ஜெக்ட் ஃபைல்களை இணைக்கும் லிங்கர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சி மொழியில் ஸ்ட்ரக்சர் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதை லிங்கர் சரிபார்ப்பதில்லை. போர்டில் ஏற்றினால், ஹேங்க் வர வேண்டிய இடத்தில் நான் சேர்த்த எண் வந்து நிற்கிறது. ஒரு ஹேங்க் என்பது 840 கஜம். ஹேங்க் எண்ணிக்கையை வைத்துத்தான் மில்லில் அன்றைய உற்பத்தியையே எழுதுகிறார்கள்.

ஆக, அந்த 'கட்டாயம்' இத்தனை காலமும் மேக்ஃபைலின் ஓட்டையை மூடிக்கொண்டிருந்திருக்கிறது. எங்கள் கம்பைலரான ஜிசிசிக்கு எம்எம்டி, எம்பி என்று இரண்டு ஃபிளாக் கொடுத்தால், எந்த சி ஃபைல் எந்த ஹெடரை இழுக்கிறது என்ற பட்டியலைக் கம்பைலரே எழுதித் தரும். அதை மேக்ஃபைலில் இன்குளூட் செய்தால் போதும். மாலைக்குள் சேர்த்துவிட்டேன். இப்போது ஹெடரைத் தொட்டால் எது எது கம்பைல் ஆக வேண்டுமோ அதெல்லாம் ஆகிறது.

ஜூலை 14, திங்கள்

கிளீன் வரியை ஆவணத்திலிருந்து எடுப்பதற்கு முன் சர்வீஸ் அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று கீழே போனேன். பல்லடம், சோமனூர், அவிநாசி என்று மில் மில்லாக ஏறி இறங்குகிறவர். ஆவணத்தை உண்மையில் பயன்படுத்துகிறவர் அவர்தான்.

"அம்மிணி, அந்த வரிய எடுத்துப்போட்டயின்னா பல்லடத்து மில்லுல திண்டாட்டமாப் போயிரும்" என்றார். "அங்கிருக்கற கம்ப்யூட்டரு, கரண்ட்டு போயிட்டு வந்தாத் தேதி 2009-க்குப் போயிருது. ஸ்பிண்டில் எண்ணிக்கைய மாத்திப்போட்டு மேக் குடுத்தா, 'அப் டு டேட்'னு சொல்லிப்போட்டு சும்மா நிக்குது. கிளீன் குடுத்தாத்தான் வேலையாகுது."

இந்த விவரம் எந்தக் காகிதத்திலும் இல்லை, அவர் தலைக்குள் மட்டும் இருந்தது.

ஜூலை 15, செவ்வாய்

அண்ணன் சொன்னதை அப்படியே செய்து பார்த்தேன். ஓரமாகக் கிடந்த ஒரு பழைய கம்ப்யூட்டரை எடுத்து, நெட் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, தேதியை 2009-க்குத் தள்ளினேன். அலுவலகத்தில் பில்டு செய்த ஃபோல்டரை அப்படியே பென் டிரைவில் கொண்டுபோய் அதில் போட்டேன். உள்ளே இருக்கும் ஆப்ஜெக்ட் ஃபைல்களுக்கெல்லாம் 2025 தேதி. கான்ஃபிக் ஹெடரில் ஸ்பிண்டில் எண்ணிக்கையை 1008-லிருந்து 1200 ஆக்கிச் சேமித்தேன். அந்த ஹெடருக்கு மட்டும் 2009 தேதி விழுந்தது.

மேக் பார்ப்பது தேதியை மட்டும். ஒரு ஃபைல், தான் நம்பியிருக்கும் ஃபைலைவிடப் பழையதாக இருந்தால் மறுபடி செய்யும், இல்லையென்றால் விட்டுவிடும். உள்ளே என்ன மாறியது என்று பிரித்துப் பார்க்காது. அதன் கண்ணுக்கு ஹெடர் பதினாறு வருடப் பழசு, ஆப்ஜெக்ட் ஃபைல் புதுசு. வியாழக்கிழமை சேர்த்த ஹெடர் பட்டியலும் இங்கே உதவவில்லை. 'அப் டு டேட்' என்றுதான் வந்தது. 1200 ஸ்பிண்டில் ஓடுகிற மெஷினில் 1008-க்கான கணக்கு ஏறியிருக்கும்.

நல்லவேளையாக, மேக் சும்மாவும் இருப்பதில்லை. ஃபைலின் தேதி எதிர்காலத்தில் இருக்கிறது என்றும், 'கிளாக் ஸ்கியூ டிடெக்டெட், யுவர் பில்டு மே பி இன்கம்ப்ளீட்' என்றும் எச்சரிக்கை தருகிறது. ஆனால் அது வெறும் எச்சரிக்கைதான், பில்டு நிற்பதில்லை. அவசரத்தில் இருக்கிறவர் அதைத் தாண்டிப் போய்விடுவார். பக்கத்தில் ரிங் ஃபிரேம் சத்தம், மேஸ்திரி எப்போது ஓட்டலாம் என்று கேட்டுக்கொண்டு நிற்கிறார். அந்த இடத்தில் நின்று படிக்கிற மாதிரி ஆவணம் இருக்க வேண்டும்.

அதனால் இரண்டு வேலை செய்தேன். நிரல் மாற்றங்களைப் பதிவு செய்துவைக்கும் கிட் கருவியில் கடைசியாகப் பதிவான மாற்றத்தின் நேரத்தைவிடக் கம்ப்யூட்டரின் இப்போதைய நேரம் பின்தங்கியிருந்தால், மேக்ஃபைல் உடனே நின்று 'கம்ப்யூட்டரில் தேதி தவறு, சரிசெய்துவிட்டு மறுபடி ஓட்டவும்' என்று தமிழிலேயே சொல்லும். இரண்டாவதாக, ஆவணத்தில் முதல் பக்கமாகவே 'தேதி தவறு' என்ற பக்கம். தேதியை எப்படிப் பார்ப்பது, எப்படி மாற்றுவது, நிரந்தரமாகச் சரிசெய்ய மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 பேட்டரியை எப்படிக் கழற்றி மாட்டுவது, எல்லாம் படத்தோடு. பில்டு ஆவணத்தில் பேட்டரி எதற்கு என்று ஒருவர் கேட்டார். கேட்காமலிருந்தால்தான் ஆச்சரியம். பில்டு நின்றுபோவதற்குப் பேட்டரி காரணம் என்றால் அது பில்டு ஆவணத்தில்தான் இருக்க வேண்டும்.

ஜூலை 16, புதன்

தேதியை நம்பாத கருவிக்கே மாறிவிடலாமே என்று மீட்டிங்கில் ஒரு பேச்சு வந்தது. பேசல், எஸ்கான்ஸ் மாதிரியானவை ஃபைலின் உள்ளடக்கத்தை வைத்தே மாறியதா இல்லையா என்று முடிவெடுக்கும். உண்மைதான். ஆனால் மில்லில் நெட் இல்லை, கம்ப்யூட்டர் பழசு, சர்வீஸ் ஆட்கள் கைக்குப் பழகியது மேக். இப்போதைக்கு வேண்டாம் என்றே சொன்னேன்.

ஜூலை 18, வெள்ளி

நேற்று ஆடி ஒன்று. டிப்ளமோ முடித்துப் புதிதாகச் சேர்ந்திருக்கும் பவானிக்காரப் பெண் இன்று சுட்ட தேங்காய் கொண்டு வந்திருந்தாள். கண் வழியே வெல்லம், எள், பொட்டுக்கடலை, அரிசி போட்டு அடைத்து, குச்சியில் செருகி நெருப்பில் வாட்டியது. ஓட்டுக் கரி வாசனையோடு உள்ளே வெந்திருக்கும் அந்தப் பூரணத்துக்கு ஈடு கிடையாது. மாடியே கூடிவிட்டது.

அதன் பிறகு அவள் ஓர் எரரோடு வந்து நின்றாள். 'மிஸ்ஸிங் செப்பரேட்டர், ஸ்டாப்.' பிடிஎஃப்பிலிருந்து நான்கு வரியை எடுத்து மேக்ஃபைலில் ஒட்டியிருக்கிறாள்.

"ஏனுங்க அக்கா, பார்க்க ஒரே மாதிரித்தானுங்களே இருக்குது? எங்க தப்புன்னே தெரியலீங்க."

பார்வைக்குத் தெரியாதுதான். கட்டளை வரி டேப்பில் தொடங்க வேண்டும், பிடிஎஃப்பிலிருந்து வரும்போது அது ஸ்பேஸாகிவிட்டது. ஃபைலைத் திரையில் காட்டும் கேட் கமாண்டோடு மைனஸ் ஏ கொடுத்தால் டேப் இருக்கும் இடத்தில் ஒரு கூரைக்குறியும் ஐ எழுத்தும் தெரியும். அவள் வரிகளில் அது இல்லை. டேப்பை வைத்தது சரியில்லை என்று ஃபெல்ட்மனுக்கே சீக்கிரம் தெரிந்துவிட்டது. ஆனால் அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள், அவர்களைத் தொல்லைப்படுத்த மனம் வரவில்லை என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்தப் பத்துப் பன்னிரண்டு பேருக்காக இன்று பவானிப் பெண் டேப் தேடுகிறாள்.

ஜிஎன்யு மேக்கின் 3.82 பதிப்பிலிருந்து டேப்புக்குப் பதில் வேறு எழுத்தை வைத்துக்கொள்ள வழி உண்டு. ஆப்பிள் தன் கணினிகளுக்குத் தருவது 3.81 என்பதால் அந்த வழியை நாங்கள் எடுக்கவில்லை, எங்களில் ஓரிருவர் ஆப்பிள் கணினியில்தான் வேலை செய்கிறார்கள். முடிவு இது: மேக்ஃபைல் வரிகளை ஆவணத்தில் போடவே மாட்டேன். மாதிரி மேக்ஃபைலைத் தனி ஃபைலாக வைத்து, அதைக் காப்பி செய்யச் சொல்லுவேன்.

அவளுடைய அடுத்த சிக்கலும் எழுத வேண்டியதுதான். ஒரு வரியில் சிடி கொடுத்து ஃபோல்டர் மாறியவள், அடுத்த வரி பழைய ஃபோல்டரிலேயே ஓடுவதைப் பார்த்துத் திகைத்தாள். மேக் ஒவ்வொரு வரியையும் தனித்தனி ஷெல்லில் ஓட்டும். இரண்டையும் ஒரே வரியில் சேர்க்க வேண்டும்.

ஜூலை 22, செவ்வாய்

"மைனஸ் ஜே கொடுக்கக்கூடாது." இதுவும் பட்டியலில் இருந்ததுதான். பல வேலைகளை ஒரே நேரத்தில் ஓட்டினால் சில சமயம் பில்டு உடைகிறது என்பதால் யாரோ தடை போட்டிருக்கிறார்கள். பதிப்பு எண் இருக்கும் ஹெடரை ஒரு ஸ்கிரிப்ட் உருவாக்குகிறது. அது உருவாவதற்கு முன்பே அதைக் கேட்கும் சி ஃபைல் கம்பைலுக்குப் போய்விடுகிறது. வரிசையாக ஓடும்போது அதிர்ஷ்டவசமாக முதலில் வந்துவிடுகிறது, அவ்வளவே. ஒரு வரியில் அந்த உறவை எழுதினேன், சரியாகிவிட்டது. 2022-ல் வந்த மேக்கின் 4.4 பதிப்பில் ஷஃபிள் என்று ஒரு வசதி இருக்கிறது, வேலைகளின் வரிசையைக் குலுக்கிப் போட்டு ஓட்டும். அதைப் பலமுறை ஓட்டியும் உடையவில்லை. தடை வாக்கியத்தை எடுத்தாயிற்று.

ஜூலை 25, வெள்ளி

பிடிஎஃப்பைக் கைவிட்டோம். ஆவணம் இப்போது மார்க்டவுன் என்ற எளிய எழுத்து வடிவில், மேக்ஃபைல் இருக்கும் அதே கிட் ரெப்போவில் (சேமிப்பகத்தில்). மேக்ஃபைலை மாற்றுகிறவர் அதே கமிட்டில் (பதிவில்) ஆவணத்தையும் மாற்றியிருக்கிறாரா என்று ரிவ்யூவில் பார்க்க முடியும்.

எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் வேறு. ஆவணத்தில் இருக்கும் கமாண்டுகளையெல்லாம் ஒரு ஸ்கிரிப்ட் பிரித்தெடுத்து, ஒன்றுமே இல்லாத புது டாக்கர் கன்டெய்னரில், அதாவது கம்ப்யூட்டருக்குள் தனியாகப் பிரித்த வெற்றுச் சூழலில், இரவு தோறும் வரிசையாக ஓட்டும். முதல் இரவே நின்றுவிட்டது: ஆர்ம் கம்பைலரை நிறுவச் சொல்லும் வரியே ஆவணத்தில் இல்லை. எங்கள் எல்லார் கம்ப்யூட்டரிலும் அது ஏற்கெனவே இருப்பதால் யார் கண்ணிலும் படவில்லை. புதிதாகச் சேர்கிறவர்கள் முதல் நாளில் பக்கத்து மேஜையில் கேட்டுக் கேட்டுத்தான் அதைத் தாண்டியிருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

சர்வீஸ் அண்ணனுக்கு அச்செடுத்துக் கொடுத்திருந்தேன். சோமனூர் மில்லிலிருந்து திரும்பியவர் ஓரமெல்லாம் பேனாவால் எழுதிக் கொண்டுவந்தார். எழுத்து இன்னும் பெரிதாக வேண்டுமாம், மில் வெளிச்சத்தில் தெரியவில்லையாம். எரர் மெசேஜ்களை அகர வரிசையில் போடாமல், அடிக்கடி வருவதை முதலில் போடச் சொல்கிறார். இரண்டும் நியாயம்.

"இன்னொண்ணு அம்மிணி. பில்டு நல்லாத்தான் ஆகுது. போர்டுல ஏத்தப் போனா 'பெர்மிஷன் டினைடு'ங்குது. அதையுஞ் சேத்து எழுதோணும்."

உபுன்டுவில் போர்டோடு பேசும் சீரியல் போர்ட்டைத் தொட யூசர் டயல்அவுட் குழுவில் இருக்க வேண்டும். குழுவில் சேர்த்த பிறகு ஒருமுறை லாக்அவுட் செய்து வர வேண்டும், அதை விட்டால் சேர்த்தும் பயனில்லை. பக்கத்தை எழுதி ரெப்போவில் ஏற்றிவிட்டேன். கன்டெய்னரில் சீரியல் போர்ட் கிடையாது என்பதால் இந்தப் பக்கத்தை மட்டும் இரவு ஓட்டத்தில் சோதிக்க முடியாது. திங்கட்கிழமை மேஜையில் ஒரு போர்டை நிரந்தரமாகச் சொருகி வைத்து, அதையும் ஓட்ட வழி பார்க்க வேண்டும்.