பச்சை என்று எழுத வேண்டும்

"இரவு 2.10 – வாந்தி, 1 முறை. துணி மாற்றப்பட்டது."

19 வருடத்துக்கு முன்னால் நான் எழுதிய வரி இது. பச்சிளங்குழந்தைகள் வார்டில் நர்ஸாகச் சேர்ந்து நாலாவது மாதம். பிறந்து மூன்று நாளான ஆண் குழந்தை, அதுவரை நன்றாகப் பால் குடித்துக்கொண்டிருந்தவன். அவன் அம்மா என்னைக் கூப்பிட்டுத் துணியைக் காட்டினார். அதில் இருந்தது பச்சை. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, "பொறந்த குழந்தைங்க கக்கத்தாம்மா செய்யும், தோள்ல போட்டுத் தட்டிக் குடுங்க" என்று சொல்லி, துணியை அழுக்குக் கூடையில் போட்டேன். கேஸ் ஷீட்டில் நிறத்தை எழுதவில்லை. காலையில் அடுத்த ஷிப்ட் அக்காவிடம் ஒப்படைக்கும்போதும் "ஒரு வாந்தி" என்றுதான் சொன்னேன். அவர் போய்ப் பார்த்தபோது குழந்தை சாம்பல் பூத்துத் துவண்டு கிடந்தான். டயப்பரில் ரத்தம்.

குடல் முறுக்கியிருந்தது.

கருவில் 6வது வாரம் வாக்கில் குடல் வேகமாக வளர்ந்து, வயிற்றுக்குள் இடம் போதாமல் தொப்புள்கொடிக்குள் இறங்கிவிடும். 10வது வாரம் வாக்கில் திரும்ப உள்ளே வரும். இப்படிப் போய் வருவதற்குள் மொத்தம் 270 டிகிரி சுழன்று, பிறகு வயிற்றின் பின்சுவரில் அகலமாக ஒட்டிக்கொள்ளும். சில குழந்தைகளுக்கு அந்தச் சுழற்சி பாதியில் நின்றுவிடுகிறது. அகலமாக ஒட்ட வேண்டிய குடல் ஒரு குறுகிய காம்பில் தொங்குகிறது. அந்தக் காம்புக்குள்தான் குடலுக்குப் போகும் ரத்தக்குழாயும் இருக்கிறது. காம்பு முறுக்கினால் ரத்தம் நிற்கும். அதன்பிறகு மணிக்கணக்குதான்.

அவனை உடனே அறுவைக்கு எடுத்தார்கள். முறுக்கைப் பிரித்து, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைச் சுற்றி, எந்தப் பகுதி சிவக்கிறது என்று காத்திருந்து பார்த்தார்களாம். பாதிக்கு மேல் கறுத்தபடியே இருந்தது. அதை வெட்டி எடுத்தார்கள். முறுக்கைப் பிரித்து, குடலை அழுத்திப் பிடிக்கும் நாடாக்களை அறுத்து, காம்பை அகலப்படுத்தி வைக்கும் இந்த முறையை 1936ல் பாஸ்டனைச் சேர்ந்த வில்லியம் லாட் எழுதி வைத்தார். இன்றும் அவர் பெயரில்தான் செய்கிறார்கள். சீக்கிரம் வந்த குழந்தை, குடல் முழுவதும் பிழைத்து, சில நாட்களில் பால் குடிக்கும். இவன் பல மாதம் ரத்தக்குழாய் வழி உணவிலேயே இருந்தான்.

என்னை யாரும் திட்டவில்லை. அறுவை நிபுணர் கேஸ் ஷீட்டைப் புரட்டி, அந்த வரியில் விரலை வைத்து, "என்ன கலர் சிஸ்டர்?" என்று மட்டும் கேட்டார். நான் "பச்சை" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

இதைப் படிப்பவர்களில் கைக்குழந்தை உள்ளவர்கள் இருக்கலாம், என்னைப் போன்ற நர்ஸுகளும் இருக்கலாம். எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். அந்தப் பச்சை பித்தநீர். அது கல்லீரலில் சுரந்து, இரைப்பைக்கு அடுத்த முன்சிறுகுடலில் வந்து விழுகிறது. அங்கிருந்து கீழே போக வேண்டியது. கீழே வழி இல்லாதபோது மேலே ஏறி வாய்க்கு வருகிறது. பிறந்த குழந்தை பச்சையாக வாந்தி எடுத்தால், குடலில் அடைப்பு இல்லை என்று நிரூபிக்கும்வரை அடைப்பு என்றே நினைக்க வேண்டும். பரிசோதித்துப் பார்த்தால் எல்லாக் குழந்தைக்கும் அடைப்பு இருக்காது. சிலருக்கு ரத்தத்தில் கிருமித் தொற்றாக இருக்கும், சிலருக்கு ஒன்றுமே இருக்காது. இருந்தாலும் பார்த்த பிறகுதான் அதைச் சொல்ல முடியும்.

நிறத்தில்தான் பெரிய குழப்பம். சீம்பால் குடித்த குழந்தை கக்கினால் மஞ்சளாகத்தான் இருக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் துணியில் பச்சையைப் பார்த்துவிட்டு "லேசா மஞ்சள்" என்று சொல்லும் பெற்றோரை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பயத்தில் நல்லதாகவே சொல்லத் தோன்றும். அதனால் நான் இப்போதெல்லாம் நிறத்தைக் கேட்பதே இல்லை. "துணியை எடுத்துட்டு வாங்கம்மா" என்பேன். வெள்ளைத் துணியில், வெளிச்சத்தில் பார்த்தால் சந்தேகமே வராது. கிளிப்பச்சையாக இருக்கும், அல்லது பாசிப்பச்சையாக. வீட்டுக்குப் போன பிறகு நடந்தால் துணியைத் துவைக்காமல் கையோடு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள்.

இன்னொன்று, வயிறு உப்பவில்லை என்று யாரும் ஆறுதல் அடைய வேண்டாம். அடைப்பு மேலே இருந்தால் உப்புவதற்குக் காற்றே கீழே போயிருக்காது, வயிறு ஒட்டியே கிடக்கும். முறுக்கிக்கொண்ட குடலிலும் முதல் சில மணி நேரம் வயிறு மெத்தென்று இருக்கும். உப்புவது பெரும்பாலும் கீழ்க்குடல் அடைப்பில். அந்தக் குழந்தைகள் காட்டுமலம், அதாவது பிறந்ததும் போகும் முதல் மலம், போகாமல் இருக்கும். நிறைமாதக் குழந்தை 48 மணி நேரத்துக்குள் கறுப்பாகக் காட்டுமலம் போக வேண்டும், பெரும்பாலானவை முதல் நாளே போய்விடும். போகாவிட்டால் ஹிர்ஷ்ப்ரங் நோயாக இருக்கலாம். டென்மார்க் மருத்துவர் ஹரால்ட் ஹிர்ஷ்ப்ரங் 1886ல் விவரித்தது. பெருங்குடலின் கடைசிப் பகுதியில் நரம்புச் செல்களே இருக்காது, அதனால் அந்த இடம் தளர்ந்து கொடுக்காமல் இறுகியே நிற்கும். சிறு சதைத் துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்து உறுதி செய்து, அந்தப் பகுதியை நீக்கி நல்ல குடலைக் கீழே இழுத்துத் தைப்பார்கள். பிறந்தவுடன் ஆசனவாய் திறந்திருக்கிறதா என்று பார்ப்பதும் இதில் சேர்ந்ததுதான். அரை நிமிட வேலை. அதையும் விட்டுவிட்டு இரண்டாம் நாள் கண்டுபிடித்து அனுப்பும்போது எனக்கு மனசு ஆறாது.

போன மாதம் ஒரு பெண் குழந்தை வந்தாள். வயிற்றில் இருக்கும்போதே ஸ்கேனில் பனிக்குடத் தண்ணீர் அதிகமாக இருந்தது. குழந்தை அந்தத் தண்ணீரை விழுங்கிக்கொண்டே இருக்கும், விழுங்கியது குடலில் உறிஞ்சப்படும். மேலே அடைத்திருந்தால் உறிஞ்சப்படாமல் வெளியே தேங்கும். பிறந்ததும் எடுத்த எக்ஸ்ரேயில் இரண்டு கறுப்புக் குமிழ்கள் தெரிந்தன: ஒன்று இரைப்பை, பக்கத்தில் சின்னதாக இன்னொன்று, வீங்கிய முன்சிறுகுடல். அதற்குக் கீழே காற்றே இல்லை. முன்சிறுகுடல் அடைப்பு. இந்த அடைப்போடு பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு டவுன் சிண்ட்ரோம் (ஒரு குரோமோசோம் கூடுதலாக இருக்கும் பிறவி நிலை) இருக்கும் என்பதால், இதயத்துக்கு எக்கோவும் குரோமோசோம் பரிசோதனையும் செய்தார்கள். இவளுக்கு அது இல்லை. இருந்திருந்தாலும் இதே அறுவை, இதே கவனிப்புதான்.

அம்மா சக்கர நாற்காலியில் வந்தார். முதல் கேள்வி எல்லா அம்மாவும் கேட்பதுதான்.

"நான் என்ன தப்பு பண்ணேன் சிஸ்டர்?"

நான் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். கருவின் முதல் வாரங்களில் இந்தக் குடல் உள்ளே திசு நிறைந்து கெட்டியாகி, பிறகு துவாரம் விழுந்து குழாயாக வேண்டும். அது நடக்கவில்லை. நீங்கள் கர்ப்பமாக இருப்பதே அப்போதுதான் உங்களுக்குத் தெரிந்திருக்கும், நீங்கள் குனிந்ததாலோ பயணம் போனதாலோ வந்ததில்லை என்றேன். இன்னும் கீழே, நடுக்குடலில் வரும் அடைப்புக்குக் காரணம் வேறு. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் லோ, பர்னார்ட் என்ற இருவர், கருவில் இருந்த நாய்க்குட்டிகளின் குடல் ரத்தக்குழாயைக் கட்டிவிட்டுப் பார்த்தார்கள். குட்டிகள் பிறந்தபோது குழந்தைகளில் காண்பது போலவே குடல் அடைபட்டிருந்தது. 1955ல் அதை வெளியிட்டார்கள். அந்தப் பர்னார்ட்தான் 1967ல் உலகின் முதல் மனித இதய மாற்று அறுவையைச் செய்தவர். கருவிலேயே ஒரு துண்டுக் குடலுக்கு ரத்தம் நின்று போகிறது, அவ்வளவுதான். ரத்த ஓட்டம் குறைந்து வீங்கிய முனையையும் வெட்டிவிட்டு இணைக்க வேண்டும் என்பது இதிலிருந்து தெரிந்தது. அதன்பிறகு நிறையக் குழந்தைகள் பிழைத்தார்கள்.

அறுவைக்கு முன்னால் எங்கள் வேலைதான் அதிகம். முதலில் வாய்ப்பாலை நிறுத்திவிட்டு, இரைப்பைக்குள் டியூப் போடுவோம். டியூபைப் போட்டதும் பச்சை தானாக வழிந்து பைக்குள் இறங்கும். குழந்தையின் முகம் தளர்வதைப் பார்க்கலாம். வழிவது எத்தனை மில்லி என்று அளந்து, அதே அளவு உப்புத் தண்ணீரை டிரிப்ஸில் ஈடு கொடுப்போம். வார்மரில் போட்டுச் சூடு காப்போம். முறுக்கு இல்லை என்று உறுதியாகிவிட்டால் இந்த அறுவைக்கு ஓட வேண்டியதில்லை. ஒரு நாள் எடுத்து நீர்ச்சத்தைச் சரிசெய்து கூட்டிப்போவது நல்லது. முறுக்கு என்றால் ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது. பெற்றோருக்கு இந்த வித்தியாசம் புரியாமல், "அந்தக் குழந்தையை உடனே எடுத்தீங்க, எங்க குழந்தையை ஏன் எடுக்கல?" என்று கேட்பார்கள். கேட்கட்டும், சொல்ல வேண்டியது எங்கள் கடமை.

இவளுக்கு இரண்டாம் நாள் அறுவை நடந்தது. அடைபட்ட இடத்துக்கு மேலேயும் கீழேயும் திறந்து, இரண்டையும் வைர வடிவில் சேர்த்துத் தைத்தார்கள். மேல் குடல் கட்டைவிரல் பருமன், கீழ்க்குடல் பென்சில் பருமன். அதுவரை ஒன்றுமே போகாத குடல் அப்படித்தான் இருக்கும். கீழே வேறு அடைப்பு இருக்கிறதா என்றும் பார்த்தார்கள், இல்லை.

அதன்பிறகு காத்திருப்பு. பெற்றோர் இதைத்தான் தாங்கமாட்டார்கள். தையல் நன்றாக இருந்தாலும் வீங்கிக் கிடந்த குடல் வேலை செய்ய ஒரு வாரம், சில சமயம் இரண்டு வாரம் எடுக்கும். அதுவரை ரத்தக்குழாய் வழியாக சர்க்கரை, புரதம், கொழுப்பு எல்லாம் போகும். 1960களின் கடைசியில்தான் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஒரு குழந்தையை இப்படி வளர்க்க முடியும் என்று காட்டினார்கள். அதற்கு முன் பிறந்த இந்தக் குழந்தைகளில் சிலர் அறுவையில் பிழைத்தும் பட்டினியில் போயிருப்பார்கள். இன்று நல்ல தீவிர சிகிச்சை உள்ள இடங்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் பிழைத்து வீட்டுக்குப் போகிறார்கள்.

அம்மா மூன்று மணிக்கொருதரம் பால் பீய்ச்சி, தேதியும் மணியும் எழுதி ஃப்ரிட்ஜில் வைத்துக்கொண்டே இருந்தார். ஆறாம் நாள், "இது யாருக்கு சிஸ்டர், குடிக்கவே ஆளில்லையே" என்று அழுதார். நான் டியூப் பையைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினேன். முதல் நாள் பாசிப்பச்சை, 60 மில்லி. அன்று வெளிறிய பச்சை, 22 மில்லி. எட்டாம் நாள் தண்ணீர் மாதிரி, 9 மில்லி. அன்று மாலையே மலமும் போனாள், டயப்பரில் ஒரு பொட்டு அளவு. அவள் அப்பா அதை போட்டோ எடுத்துக்கொண்டார்.

பத்தாம் நாள் காலை பால் கொடுக்கச் சொன்னார்கள், 2 மில்லி. சிரிஞ்சின் தண்டை எடுத்துவிட்டு டியூபில் மாட்டி, பாலை ஊற்றி, அம்மாவையே பிடிக்கச் சொன்னேன். அழுத்தக் கூடாது, பால் தானாக இறங்க வேண்டும். 2ல் இருந்து ஒன்றரை, ஒன்று, அரை. கோடு கோடாக இறங்கியது. அவர் கை நடுங்கியது, சிரிஞ்ச் ஆடவில்லை.

மூன்று மணி நேரம் கழித்து டியூபை இழுத்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. கேஸ் ஷீட்டில் எழுதினேன்: "11.00 – மீதம் 0 மில்லி. வாந்தி இல்லை. பச்சை இல்லை."