வண்டி வாடகை தின்ற என் தேக்கு மேசை

டெம்போ ஓட்டுநர் மேல் இருக்கும் கோபம் ஆறுவதற்குள் இதை எழுதிவிடுகிறேன். பழைய மரச்சாமானுக்கு எங்கே போவது, என்ன வாங்குவது, எப்படிப் பழுது பார்ப்பது என்று வரிசையாக எழுதத்தான் நினைத்தேன். வரிசை தப்பினால் அந்த ஓட்டுநரைத் திட்டிக்கொள்ளுங்கள்.

குரோம்பேட்டையில் எனக்குப் பத்துக்குப் பத்து வாடகை அறை. கையில் இருந்தது 7,000 ரூபாய். அந்தப் பணத்துக்குப் புதுக் கடைகளில் கிடைப்பது மரத்தூளை அழுத்திச் செய்த மேசை. ஒரு சொம்புத் தண்ணீர் கொட்டினால் ஓரம் உப்பிவிடும். அதனால் பழைய மரச்சாமான் வாங்க வடசென்னைக்குக் கிளம்பினேன்.

கடற்கரை நிலையத்தில் ரயில் மாறி ராயபுரத்தில் இறங்கினேன். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் புறப்பட்ட நிலையம். வேறு ஊராக இருந்தால் இதற்கு டிக்கெட் போட்டுக் காட்டுவார்கள். இங்கே கடந்து போகிறவர்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு சந்தில், இடித்த வீடுகளின் சாமான்களை விற்கும் கடை. கதவு, ஜன்னல், தூண், காலில்லாத கட்டில் எல்லாம் கூரை வரை அடுக்கிக் கிடந்தன. ஒரு கதவுப் பலகையைத் தூக்கிப் பார்த்தேன், தோள் இறங்கிவிட்டது. கடைக்கார பாய் சின்னக் கத்தியைக் கொடுத்து, "பின்பக்கம் சுரண்டிப் பாருங்கள் தம்பி, முன்பக்கம் எல்லாமே அழகாகத்தான் இருக்கும்" என்றார். நீலப் பெயிண்டுக்கு அடியில் பொன்பழுப்புத் தேக்கு, எண்ணெய் வாசனையோடு! ஓரத்தில் வெளிறிய பகுதியில் மட்டும் வண்டு துளைத்திருந்தது. துளையைக் கண்டதும் ஓடிவிடாதீர்கள். தட்டிப் பாருங்கள். புதிதாக மாவு கொட்டினால் பூச்சி உள்ளே உயிரோடு இருக்கிறது, வேண்டாம். கொட்டாவிட்டால் அந்தத் துளையைக் காட்டியே விலையைக் குறைக்கலாம். நான் குறைத்தேன்.

கதவு 1,800. கால் மிதி தையல் இயந்திரத்தின் இரும்புச் சட்டம் 1,200. துணியில்லாத சாய்வு நாற்காலி 900. கம்பி போன ஜன்னல் சட்டம் 600. பக்கத்திலேயே ஒரு தச்சர் 300 ரூபாய்க்குக் கதவை நாலடி நீளத்தில் அறுத்துக் கொடுத்தார். அதைத் தையல் சட்டத்தின் மேல் வைத்தால் எழுதும் மேசை. மிச்சத் துண்டு சுவர் அலமாரி.

சாமான்களைக் கடையிலேயே விட்டுவிட்டு, பர்மா பஜார் அருகே செகண்ட் லைன் பீச்சுக்கு அத்தோ சாப்பிடப் போனேன். ஆரஞ்சு நிற நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டு எண்ணெய், நொறுக்கிய பேஜோ (மொறுமொறு தட்டை) எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து தந்தார்கள். கூடவே சுடச்சுட வாழைத்தண்டு சூப். பிறகு அவித்த முட்டையைக் கீறி வறுத்த வெங்காயம் அடைத்துக் கொடுத்தார்கள், அதில் இரண்டு. 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு இது. மரச்சாமானே வேண்டாம் என்பவர்களும் இதற்காக மட்டும் வடசென்னைக்கு வரலாம்.

இனி அந்த டெம்போ. பேசியது 1,400 ரூபாய். கிண்டி தாண்டியதும் அவர், "கதவு இவ்வளவு கனமாக இருக்கும் என்று சொல்லவில்லையே" என்றார். ஏற்றியதே அவர்தான்! குரோம்பேட்டை வந்ததும் மாடிப்படிக்குத் தனி, காலியாகத் திரும்புவதற்குத் தனி என்று 2,200 கேட்டார். தெருவில் நின்று கத்தி 1,800-க்கு முடித்தேன். கதவும் 1,800, அதைக் கொண்டுவந்ததும் 1,800! பழைய சாமான் மலிவு என்று எழுதுகிறவர்கள் யாரும் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை. மாடிவரை ஏற்றிவைப்பதற்கும் சேர்த்து விலை பேசி, கடைக்காரர் முன்னிலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

80-ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 120, 220 என்று தேய்த்தேன். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். முகமூடி கட்டி, தண்ணீர் தொட்டுத் தேய்ப்பது நல்லது. நாற்காலிக்கு அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பஞ்சால் பூசினேன். பளபளப்பு அருமை. மேசைக்கு மட்டும் அது வேண்டாம், சூடான காபி டம்ளர் வைத்தால் வெள்ளை வட்டம் விழும். அங்கே வார்னிஷ்தான். இவற்றுக்கு 600. நாற்காலிக்குக் கித்தான் துணி 350. ஜன்னல் சட்டத்துக்குத் தேவராஜ முதலி தெருவில் அளவு சொல்லி முகம் பார்க்கும் கண்ணாடி அறுத்து வாங்கியது 450. சுவரில் மாட்டியதும் அறையே இரண்டு மடங்கானது போல் தெரிகிறது.

மொத்தம் 8,000. அத்தோவைச் சேர்க்கவில்லை. அடுத்தது புத்தக அலமாரி. பாயிடம் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், 2,500 சொல்கிறார். வண்டியும் அவரே பிடித்துத் தருவதாக இருந்தால்தான் வாங்குவேன் என்று சொல்லிவிட்டேன்.