பொழுது சாய்வதற்குள்

பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்காக நான் நிரப்பிக் கொடுத்த விண்ணப்பம் ஒன்றில், மதம் என்ற இடத்தில் ‘சமணம்’ என்று எழுதியிருந்ததைப் பார்த்த அலுவலர், பெயரையும் சொந்த ஊரையும் மறுபடி ஒருமுறை படித்துவிட்டு, “சேட்டு வீடா? தமிழ் நல்லா பேசுறீங்களே” என்றார். அவர் கேலியாகக் கேட்கவில்லை. எனக்கும் அது புதிய கேள்வியன்று. திண்டிவனம், செஞ்சி, வந்தவாசி, ஆரணி, போளூர்ப் பக்கத்துச் சிற்றூர்களில் நெல்லும் கரும்பும் மல்லாட்டையும் பயிரிட்டு, ‘நயினார்’ என்ற பட்டத்தோடு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் தமிழ்ச் சமணக் குடும்பங்களில் பிறந்த எவரும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் வளர்ந்திருக்க முடியாது. 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் சமணர்கள் 0.12 விழுக்காடுதான், அதிலும் வடக்கிலிருந்து வணிகத்துக்காக வந்து குடியேறியவர்கள் சேர்ந்திருக்கிறார்கள். 2014இல் சமணர்களுக்கு நாடு முழுவதும் சிறுபான்மையினர் என்ற தகுதி கிடைத்தபோது எங்கள் ஊர்ப் பெரியவர்கள் மகிழ்ந்தார்கள். ஆனாலும் அந்தத் தகுதியைக் கேட்டு வரிசையில் நிற்கும்போது, முதலில் நாங்கள் தமிழர்கள்தான் என்று சொல்லித்தான் பேச்சைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

அன்று வீட்டுக்குத் திரும்பும் வழியில் மகள் கேட்ட கேள்விதான் என்னை உறுத்தியது. “அப்பா, நீங்க கோயிலுக்கே போறதில்லை. அப்புறம் ஏன் அந்தக் கட்டத்துல அப்படி எழுதுறீங்க?”

வினை என்பது உயிரில் நுண்துகளாக வந்து ஒட்டுகிறது என்ற எங்கள் கொள்கையைப் படித்திருக்கிறேன். நம்புகிறேன் என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல மாட்டேன். ஆயினும் அந்தக் கட்டத்தில் வேறொன்றை எழுத எனக்குக் கை வராது. இதை அவளுக்குச் சொல்லத் தெரியாத நிலையில்தான், என் அம்மா நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்த பயணத்துக்குத் தை மாதத்தில் ஒரு சனி ஞாயிறை ஒதுக்கினேன். மேல்சித்தாமூர், செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர் குன்று, போளூருக்கு அருகிலுள்ள திருமலை ஆகிய மூன்று இடங்கள். வாடகை வண்டியில் அம்மா, மகள், நான்.

மேல்சித்தாமூர் தமிழ்ச் சமணரின் மடம் இருக்கும் ஊர். ஜினகாஞ்சி மடம் என்பது அதன் பெயர். மடத்தின் தலைவர்கள் வழிவழியாக இலட்சுமிசேன பட்டாரகர் என்ற பட்டத்தை ஏற்கிறார்கள். சமணர் வணங்கும் இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களில் ஒருவரான பார்சுவநாதரின் கோயிலிலுள்ள உயர்ந்த கோபுரத்தைத் தொலைவிலிருந்து பார்க்கும் எவரும் அதைச் சிவன் கோயில் என்றே எண்ணுவர். உள்ளே போனபிறகுதான் நாகம் குடைபிடிக்கும் பார்சுவநாதரைக் கண்டு வேறு இடம் என்று தெரியும். சந்நிதியில் அம்மா முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்த பச்சரிசியை எடுத்து மகளின் கையில் கொடுத்து, மூன்று குவியலாக வைக்கச் சொன்னார். நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் சொன்னார். மகள் வைத்த நடுக்குவியல் சரிந்து பக்கத்துக் குவியலோடு கலந்துவிட்டது. அம்மா விரலால் அதைப் பிரித்து வைத்தார். “என்ன வேண்டிக்கணும் பாட்டி?” என்று மகள் கேட்டதற்கு, “ஒண்ணும் வேண்டிக்காத. இவரு எதையும் குடுக்கமாட்டாரு” என்றார் அம்மா.

மகளுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு என் பாட்டியின், நாங்கள் ஆயா என்று அழைத்தவரின், நினைவு வந்தது. பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு முன் நான் கணக்கில் தேற வேண்டும் என்று எங்கள் ஊர் ஜினாலயத்தில் கண்மூடி நின்றபோது, அவரும் இதையே சொன்னார்: சுவாமி விருப்பு வெறுப்பு இரண்டையும் விட்டுப் போனவர், போனவரிடம் போய்க் கணக்குக்கு மதிப்பெண் கேட்கலாமா என்று. கேட்பதற்கு ஒன்றுமில்லாத ஒரு சந்நிதியில் நின்று வளர்வது சிறுவனுக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. தெருக்கோடியிலிருந்த பிள்ளையார், தேங்காய் உடைத்தால் தேர்வில் தேற்றிவிடுவார் என்று என் நண்பர்கள் உறுதியாக நம்பினார்கள். அவர்கள்மேல் எனக்குப் பொறாமை.

ஆயா எழுத்தறியாதவர். கொள்கை விளக்கம் எதையும் அவர் எங்களுக்குச் சொன்னதில்லை. கிணற்றுத் தண்ணீரைக் குடத்தில் ஊற்றும்போது குடத்தின் வாயில் இரண்டாக மடித்த வெள்ளைத் துணியைக் கட்டுவார். வடிகட்டி முடித்ததும் அந்தத் துணியை உதறாமல், கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அதில் இருக்கும் என்பதற்காக, கிணற்று நீரிலேயே அலசிவிடுவார். மாலையில் விளையாட்டை விட்டு வர மனமில்லாமல் நிற்கும் எங்களைப் பார்த்து, “பொழுதோட சாப்பிடு” என்று வாசலிலிருந்து குரல் கொடுப்பார். பொழுது சாய்ந்தபின் உண்பதில்லை என்பது சமண நோன்பு; விளக்கு வைத்தபின் அந்த வீட்டில் அடுப்பு எரிந்ததில்லை. என் மதம் என்று நான் முதலில் அறிந்தது இந்த இரண்டையும்தான்.

தண்ணீர் வடிகட்டுவதைப் பற்றி எங்கள் பக்கத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு; மடத்து நிழலில் உட்கார்ந்து அம்மா அதை மகளுக்குச் சொன்னார். செஞ்சியை ஆண்ட நாயக்கத் தலைவன் ஒருவன் சமணர்களிடம் பெண் கேட்டு, அவர்களால் அவமானப்பட்டு, கண்ட இடத்தில் சமணர்களின் தலையை வெட்ட ஆணையிட்டானாம். உயிருக்கு அஞ்சி ஊரைவிட்டு ஓடியவர்கள் பலர். நெற்றியில் திருநீறு பூசிச் சைவராகி ஊரிலேயே தங்கியவர்கள் பலர். இரண்டாமவரின் வழிவந்தவர்களை ‘நீறுபூசி வேளாளர்’ என்று அழைக்கும் வழக்கு ஏற்பட்டது. அந்நாளில் வீரசேனர் என்பவர் ஒரு குளக்கரையில் அமர்ந்து தண்ணீரைத் துணியில் வடிகட்டிக்கொண்டிருந்தார். நெற்றியில் குறி இல்லை, வாயில் மந்திரம் இல்லை. கையில் இருந்த துணியைப் பார்த்தே காவலர் அவரைச் சமணர் என்று கண்டுகொண்டு பிடித்துப் போனார்கள். தலைவனுக்கு அன்று ஆண்குழந்தை பிறந்திருந்த மகிழ்ச்சியால் அவர் தலை தப்பியது. பின்னர் அவர்தான் சிதறிப்போனவர்களைத் திரும்பச் சேர்த்தார் என்பார்கள். வரலாற்றில் இதன் நுணுக்கங்கள் எப்படியிருந்தாலும், நீறு பூசிக்கொண்டவர்களைக் கதை சொல்லும் எவரும் எங்கள் ஊரில் இழித்துப் பேசி நான் கேட்டதில்லை.

மேல்சித்தாமூரின் மலைநாதர் கோயிலில் ஒரே பாறையில் பாகுபலியும் பார்சுவநாதரும் ஆதிநாதரும் மகாவீரரும், சமணரின் காவல் தெய்வமான தருமதேவியும் வடிக்கப்பட்டிருப்பதை வணங்கிவிட்டுச் செஞ்சிக்குப் போனோம். திருநாதர் குன்று சிறிய குன்றுதான். ஆனால் அம்மாவின் முழங்கால் அதற்கும் இடம்கொடுக்கவில்லை. வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றுப் பொட்டலங்களோடு அவரை அடிவாரத்தில் ஒரு வேப்பமர நிழலில் உட்காரவைத்துவிட்டு, “அரை மணியில் வந்துவிடுகிறோம்” என்று சொல்லி நானும் மகளும் ஏறினோம். அப்போது மணி நான்கைத் தாண்டியிருந்தது.

மேலே பெரும்பாறை ஒன்றின் முகத்தில் இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களும் பன்னிரண்டு பன்னிரண்டாக இரண்டு வரிசைகளில் அமர்ந்திருக்கிறார்கள். எல்லாரும் ஒரே அளவு, ஒரே இருக்கை. யார் யார் என்று பிரித்தறிய முடியாதபடி ஒன்றுபோலவே செதுக்கிய சிற்பியின் துணிவு எனக்குப் பிடித்திருந்தது. அருகிலுள்ள பாறையில்தான் நான் மகளுக்குக் காட்ட விரும்பிய கல்வெட்டு இருக்கிறது. ஏறத்தாழ 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அது, ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகை, அதாவது அவர் அமர்ந்து உயிர்நீத்த இடம், இது என்று மட்டும் சொல்கிறது. வட்டெழுத்து உருப்பெற்றுவந்த காலத்து எழுத்து. தமிழில் ‘ஐ’ என்ற உயிரெழுத்து காணப்படும் மிகப் பழைய கல்வெட்டுகளில் ஒன்று என்பதால் எழுத்தியல் அறிஞர்கள் இதைப் போற்றுகிறார்கள். அந்த ‘ஐ’ ஐம்பத்தேழின் முதலெழுத்து. மகள் அந்த எழுத்தைத் தேடிக் கண்டுபிடித்து, பாறையில் குந்தி, விரலைத் தொடாமல் அதன்மேல் காற்றிலேயே எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை எழுப்ப எனக்கு மனமில்லை. ஐம்பத்தேழு நாளும் அவருக்குப் பக்கத்தில் யார் இருந்திருப்பார்கள், கடைசி நாட்களில் அவர் கண்ணுக்கு எந்தத் திசை தெரிந்திருக்கும் என்றெல்லாம் நாங்கள் பேசிக்கொண்டிருந்ததில், செஞ்சிக் கோட்டையின் பக்கம் வெயில் செம்மை ஏறியதை நான் கவனிக்கவில்லை.

இறங்கி வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. அம்மா பொட்டலங்களை மடியில் வைத்தபடி, கட்டிய நூல்கூடப் பிரிக்காமல் உட்கார்ந்திருந்தார். “நீங்க சாப்பிட்டிருக்கலாமே அம்மா” என்றேன். “புள்ளைங்க மேல இருக்கும்போது நான் மட்டும் எப்படிப்பா சாப்பிடறது?” என்றவர், வானத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, பொட்டலங்களை மறுபடி பைக்குள் வைத்தார். தண்ணீரும் வேண்டாம் என்று கையசைத்தார். காலையில் எட்டு மணிக்கு இரண்டு இட்லி தின்றவர். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துக்கொள்பவர். நான் கெஞ்சினேன், பிறகு கோபப்பட்டேன், மருத்துவர் சொன்னதையெல்லாம் எடுத்துச் சொன்னேன். “ஒரு ராத்திரிதானே” என்றார். மேலே பாறையில் ஐம்பத்தேழு நாளை வியந்துவிட்டு வந்த எனக்கு, கீழே ஓர் இரவைத் தாங்கத் தெரியவில்லை. அந்தப் பட்டினிக்குக் காரணம் என் கவனக்குறைவு என்பதால் அது இன்னும் கூசியது.

செஞ்சியில் அறை எடுத்து அம்மாவைப் படுக்கவைத்தபின், நானும் மகளும் வெளியே போய்த் தோசை சாப்பிட்டோம். நல்ல பசி, தோசையும் நன்றாகவே இருந்தது. இதை மறைத்து எழுதினால் இந்தக் கட்டுரையே பொய்யாகிவிடும். மகள் பாதியில் நிறுத்தி, “பாட்டி இப்ப என்ன பண்ணிட்டிருப்பாங்க?” என்று கேட்டாள். திரும்பி வந்து பார்த்தபோது, சமணரின் அன்றாட மந்திரமான பஞ்ச நமஸ்காரத்தைச் சன்னக் குரலில் சொல்லியபடியே அம்மா தூங்கத் தொடங்கியிருந்தார். காலையில் கதிரவன் எழுந்ததும் முதலில் அவரே எழுந்து, தண்ணீர் பாட்டிலின் வாயில் கைக்குட்டையைக் கட்டி வடித்துக் குடித்தார். சுத்திகரித்து அடைத்த தண்ணீர் அது.

திருமலையில் குந்தவை ஜினாலயம் இருக்கிறது. இராசராசனின் தமக்கை குந்தவை, திண்டிவனம் பக்கத்துத் தாதாபுரத்தில் சிவனுக்கும் திருமாலுக்கும் அருகனுக்குமாக மூன்று கோயில்களை ஒரே ஊரில் கட்டியவர். அவரை எந்த மதக் கட்டத்தில் எழுதுவது என்று அந்த அலுவலரைக் கேட்டிருக்கலாம். இராசேந்திர சோழன் கங்கை வரை வென்ற செய்தியை விரித்துரைக்கும் புகழ்பெற்ற மெய்க்கீர்த்திக் கல்வெட்டும் திருமலையில்தான் உள்ளது. வெற்றிகளை அடுக்கிக்கொண்டே போகும் அந்த நீண்ட கல்வெட்டு, கடைசியில் எதற்காக வெட்டப்பட்டது என்று பார்த்தால், மல்லியூர் வணிகன் நன்னப்பையனின் மனைவி சாமுண்டப்பை இந்தக் கோயிலில் ஒரு நந்தாவிளக்குக்கு இருபது காசும், திருவமுதுக்குப் பத்துக் காசும் வைத்ததைப் பதிவதற்காக. மன்னனின் படையெடுப்புகள் எல்லாம் அந்தப் பெண்ணின் விளக்குக்கு முன்னுரையாக நிற்கின்றன.

பாறையில் நெடிதுயர்ந்து நிற்கும் நேமிநாதரை, சிகாமணிநாதர் என்று ஊரார் அழைப்பவரை, அண்ணாந்து வணங்கிவிட்டு, குகைப் பகுதியிலிருக்கும் தருமதேவியின் முன் வந்தோம். அம்மா நெடுநேரம் கண்மூடி நின்றார். உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. வெளியே வந்ததும் மகள் பிடித்துக்கொண்டாள்.

“என்ன பாட்டி வேண்டிக்கிட்டீங்க?”

“உன் பரீட்சைக்குத்தான்.”

“எதுவும் கேக்கக் கூடாதுன்னு நேத்து சொன்னீங்களே?”

“சுவாமிகிட்ட கேக்கலையே. தாயாருகிட்டதானே கேட்டேன்.”

இந்தப் பதிலைக் கொள்கை கற்ற பண்டிதர்கள் எப்படி எடுத்துக்கொள்வார்களோ, என் ஆயாவும் எனக்காக இங்கே வந்து கேட்டிருப்பார் என்று முதல்முறையாகத் தோன்றியது. கணக்கில் நான் தேறித்தான் இருந்தேன்.

திரும்பும் வழியில் வந்தவாசியைத் தாண்டியதும் மணி ஐந்தே கால். சென்னைக்குள் ஏழரைக்குப் போய்விடலாம், வீட்டிலேயே சாப்பிட்டுக்கொள்ளலாம் என்றார் ஓட்டுநர். சாலையோரத்தில் பனைமரங்கள் நின்ற ஓர் ஏரிக்கரையைக் காட்டி அங்கே நிறுத்தச் சொன்னேன். ஆரணியில் வாங்கிய தயிர்ச்சோற்றை நான்கு பேரும் வண்டியின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிட்டோம். அம்மா எதுவும் சொல்லவில்லை; தன் பங்கில் ஒரு கையளவு எடுத்து என் இலையில் வைத்தார். வெயில் இன்னும் பனந்தலைகளில் இருந்தது.